சாட்சியையும் சோதிக்க வேண்டும்

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர்கள் தலைமுறைகள் கடந்தும் பளபளப்புக் குன்றாமல் நிற்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு சற்று மிகுந்தால் நாக்கு வெந்துவிடும்; குறைந்தால் வாய் சிவக்காது. ஆகவே சுண்ணாம்பில் அளவு முக்கியம் என்பதும் நமக்குப் பழகிய செய்திதான். அந்தச் சுண்ணாம்பிலுள்ள உலோகத்தை 1808இல் பிரித்தெடுத்த ஆங்கில வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவி, சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதற்குக் கால்சியம் என்று பெயர் சூட்டினார். தமிழில் நாம் சுண்ணாம்புச் சத்து என்று சொல்வதும் பொருத்தமானதே.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்குதான் இரத்தத்திலும் உயிரணுக்களிலும் இருந்துகொண்டு நரம்பை இயக்குகிறது, தசையைச் சுருக்குகிறது, குருதியை உறையச் செய்கிறது. நூறு மில்லி லிட்டர் குருதி நீரில் 8.5 முதல் 10.5 மில்லி கிராம் வரை கால்சியம் இருப்பது இயல்பு. அது வெகுவாகக் குறைந்தால் கைவிரல்கள் தாமாக இழுத்துக்கொள்ளும்; வலிப்பும் வரும். கூடினால் சிறுநீரகத்தில் கல் சேரும், தசை தளரும், மனமும் குழம்பும். இவ்வளவு குறுகிய வரம்புக்குள் கால்சியத்தை நிறுத்தி வைப்பது எது? அதனை அறிவியலார் கண்டுபிடித்தது எப்படி? கண்டுபிடித்ததை மெய்யென்று நிறுவ அவர்கள் பயன்படுத்தும் 'எதிர்ப்பொருள்' என்னும் கருவியை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

கழுத்தில் நான்கு அரிசி மணிகள்

என் ஊர் புதுவயல். அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர் என்பதால், ஒரு சிறு பொருளின் அளவைச் சொல்ல எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசிதான். நம் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில், அரிசி மணி அளவே உள்ள சுரப்பிகள் பெரும்பாலோருக்கு நான்கு உண்டு. இவற்றைப் பாராதைராய்டு சுரப்பிகள் என்பர். விலங்கியல் மாணவர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. இச்சுரப்பியை உலகுக்கு முதலில் காட்டியது மனித உடலன்று. நம் நாட்டுக் காண்டாமிருகம். இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் வளர்ந்து இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் என்னும் அறிஞர், தைராய்டை ஒட்டியிருந்த சிறு மஞ்சள் நிறச் சுரப்பியை 1850இல் விவரித்தார். மனித உடலில் அதனை 1880இல் கண்டு எழுதியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். மாணவராக இருந்தபோதே அவர் இதைச் செய்தார் என்பதை நம் நண்பர்கள் மனத்தில் கொள்ளலாம்.

குருதியில் கால்சியம் குறையும்போது இச்சுரப்பிகள் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும். சிறுநீரில் வீணாகப் போவதைத் தடுக்கும். வைட்டமின் டியைச் செயலுக்குக் கொண்டுவந்து குடலில் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். கால்சியம் போதிய அளவு ஏறியதும் சுரப்பு தானே அடங்கிவிடும். இவை பாடநூலில் உள்ளவைதாம். ஆனால் கால்சியம் ஏறிவிட்டது என்று சுரப்பிக்கு யார் சொன்னது?

வாயிலில் நிற்கும் காவலாள்

இந்தக் கேள்விக்கு 1993இல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எட்வர்டு பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் ஆகியோரின் குழுவினர் ஓர் அரிய வழியைக் கையாண்டனர். மாட்டின் பாராதைராய்டு சுரப்பியிலிருந்து தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்தனர். ஜெனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையணுக்களில் அவற்றைச் செலுத்தினர். தவளை முட்டைக்கு வெளியிலுள்ள கால்சியத்தைப் பற்றி இயல்பாகக் கவலை இல்லை. ஆனால் மாட்டுச் செய்தியைப் பெற்ற முட்டைகளோ, சுற்றியுள்ள நீரில் கால்சியம் ஏறியபோது மின்னோட்ட மாறுதலைக் காட்டின. எந்தச் செய்தியால் இந்த மாறுதல் வந்தது என்று சிறுகச் சிறுகப் பிரித்துப் பார்த்து, இறுதியில் ஒரே ஒரு மரபணுவை வந்தடைந்தனர். அந்த மரபணு உருவாக்கும் புரதமே கால்சியம் உணர் ஏற்பி.

மனிதரிடம் இந்த ஏற்பி 1078 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. இதனை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் எளிதில் விளங்கும். ஏறத்தாழ முதல் 600 அமினோ அமிலங்கள் உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால்சியத்தைத் தொட்டு உணரும் முதன்மையான பகுதி இதுவே. நடுப்பகுதி உயிரணுச் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும். வால் பகுதி உள்ளே கிடந்து செய்தியைக் கடத்தும். இவ்வாறு ஏழு முறை சவ்வை ஊடுருவும் ஏற்பிகள் ஒரு பெரிய குடும்பம். அக்குடும்பத்தைப் பற்றிய ஆய்வுக்காகவே 2012இல் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஏற்பியோ தனித்து நிற்பதில்லை. இரண்டிரண்டாகப் பிணைந்து நிற்கும். வெளியே கால்சியம் மிகுந்தால் இந்த இணை சற்றே வடிவம் மாறும். அந்த மாற்றம் உள்ளே செய்தியாகி, ஹார்மோன் சுரப்பை நிறுத்தும். சிறுநீரகக் குழாய்களிலும் இதே ஏற்பி அமர்ந்து, எவ்வளவு கால்சியத்தைச் சிறுநீரில் விடலாம் என்று முடிவு செய்கிறது.

காவலாள் கணக்குத் தவறினால்

காவலாளின் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே எங்கள் குடும்பத்தில் பார்த்தேன். என் அத்தைக்கு இருமுறை சிறுநீரகக் கல் வந்தது. எலும்பு வலியும் விடவில்லை. மூன்றாம் முறை மதுரையில் ஒரு மருத்துவர் குருதியில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டும் உயர்ந்திருந்தன. கழுத்தில் அறுவை செய்ய வேண்டியிருக்கலாம் என்றார்கள். ஆனால் அதற்கு முன், ஒரு நாள் முழுதும் கழியும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அத்தைக்கு இது விளங்கவில்லை. "வியாதி கழுத்துலங்கிறாக, ஒரு நா பூரா ஒண்ணுக்கை எதுக்கடா கேனுல பிடிக்கச் சொல்றாக?" என்று என்னைக் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியாது. இன்று சொல்ல முடியும்.

குருதியில் கால்சியம் கூடுவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நான்கு சுரப்பிகளில் ஒன்று கட்டியாக வளர்ந்து கட்டுப்பாடின்றி ஹார்மோனைச் சுரப்பது. கட்டியை எடுத்துவிட்டால் நோய் தீரும். மற்றொன்று, பிறவியிலேயே ஏற்பியின் மரபணுப் பிரதிகள் இரண்டில் ஒன்று பழுதுபட்டிருப்பது. அப்போது ஏற்பிக்கு உணர்ச்சி மந்தம். கால்சியம் உயர்ந்தாலும் இன்னும் போதவில்லை என்றே அது கருதும். இந்த நிலை குடும்ப வழியில் வருவது; பெரும்பாலும் தீங்கற்றது; கழுத்தை அறுப்பதால் பயனும் இல்லை. 1993ஆம் ஆண்டிலேயே இதற்கான மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குச் சிறுநீர் உதவும். ஏற்பி மந்தமானவரின் சிறுநீரகமும் கால்சியத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் அவர் சிறுநீரில் கால்சியம் குறைவாக இருக்கும். கட்டி உள்ளவருக்கு அப்படிக் குறைவதில்லை. அத்தையின் சிறுநீரில் கால்சியம் மிகுந்தே இருந்தது. ஒரு சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார்கள், நலமடைந்தார். ஒரு பிளாஸ்டிக் கேன் சிறுநீர், தேவையான அறுவையையும் தேவையற்ற அறுவையையும் பிரித்துக் காட்டுகிறது என்பது வியப்புக்குரியது அல்லவா!

மேலைநாடுகளில் வழக்கமான குருதிப் பரிசோதனையிலேயே இந்நோய் பெரும்பாலும் தற்செயலாகப் பிடிபட்டுவிடுகிறது. நம் நாட்டிலோ எலும்பு நொந்து, கல் சேர்ந்த பிறகு வருவோரே மிகுதி. ஆகையால் இந்த ஏற்பியைப் பற்றிய அறிவு நமக்குத் தொலைவான செய்தி அன்று.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது

அறுத்தெடுத்த கட்டியிலுள்ள உயிரணுக்களில் ஏற்பி எவ்வளவு இருக்கிறது? இயல்பான சுரப்பியில் உள்ளதைவிடக் கூடுதலா, குறைவா? நம் ஆய்வகத்து நுண்ணோக்கியில் உயிரணுவைப் பார்க்கலாம். அதன் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பார்க்க முடியாது. அதற்காகப் பயன்படுவதே எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. அயற்பொருள் உடலில் புகுந்தால், அதைப் பற்றிக்கொள்வதற்காக நம் குருதியின் வெள்ளணுக்களுள் ஒரு வகை இதனை உருவாக்கும். 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்சைச் சேகரித்து மருந்து நிறுவனங்களுக்கு விற்பதை நாம் அறிவோம். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால் குதிரையின் குருதியில் நஞ்சைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் பெருகும்; அவையே பாம்புக்கடிக்கு மருந்தாகின்றன. ஆய்வுக்கான எதிர்ப்பொருளும் இதே முறையில்தான் பிறக்கிறது. நஞ்சுக்குப் பதில் நாம் தேடும் புரதத்தின் ஒரு துண்டு. குதிரைக்குப் பதில் முயலோ சுண்டெலியோ.

ஒரு முயலின் குருதியில் கிடைப்பது பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை. முயல் இறந்தால் அக்கலவையும் தீர்ந்தது. அடுத்த முயல் தருவது வேறு கலவை. இக்குறையைப் போக்கியவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கோலர், மில்ஸ்டைன் இருவர். எதிர்ப்பொருள் தரும் வெள்ளணுவையும் அழிவின்றிப் பெருகும் புற்றணுவையும் ஒன்றாக இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் ஓயாது தரும் உயிரணு வரிசையை 1975இல் உருவாக்கினர். 1984இல் ஜெர்னே என்பவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றனர். இத்தகையதை ஒற்றைக்குல எதிர்ப்பொருள் எனலாம்.

கால்சியம் உணர் ஏற்பிக்கு ஆய்வுலகில் நன்கு பழகிய எதிர்ப்பொருள் ஒன்று இந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு 'ஏ.டி.டி.' என்று பெயர். ஏற்பியின் வெளிப்பகுதியில் 214ஆம் இடம் தொடங்கி 235ஆம் இடம் வரை உள்ள 22 அமினோ அமிலங்களைச் செயற்கையாகக் கோத்து, அத்துண்டைக் கொண்டு சுண்டெலியில் பெற்றது. அத்துண்டின் முதல் மூன்று அமினோ அமிலங்கள் அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், மீண்டும் அஸ்பார்ட்டிக் அமிலம். அவற்றின் ஓரெழுத்துக் குறியீடுகளைச் சேர்த்ததே அப்பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த மாலையில் 22 மணிகளை மட்டும் கண்டு, 'இது அந்த மாலைதான்' என்று சொல்லும் சாட்சி அது.

சாட்சி சொல்லும் இரு வழிகள்

எதிர்ப்பொருள் தானாகப் பேசாது. அதனைப் பேசவைக்க முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி திசுவைச் சாயமேற்றிப் பார்ப்பது. நாம் மைக்ரோடோமில் வெட்டுவது போலவே மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, ஒட்டாததைக் கழுவிவிட வேண்டும். பிறகு, சுண்டெலி எதிர்ப்பொருளைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். அதனுடன் ஒரு நொதி இணைந்திருக்கும். நொதிக்கு ஏற்ற வேதிப்பொருளைத் தந்தால் ஏற்பி இருக்கும் இடமெல்லாம் பழுப்பு நிறம் தோன்றும். இம்முறையால்தான், பாராதைராய்டு கட்டிகளில் பலவற்றில் இயல்பான சுரப்பியைவிட இந்த ஏற்பி குறைவு என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். காவலாட்கள் குறைந்தமையால் கட்டுப்பாடும் தளர்ந்தது என்று அதனால் புரிந்துகொள்ள முடிந்தது.

இரண்டாம் வழி, 1979இல் அறிமுகமாகிப் பின்னர் வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர் பெற்ற முறை. திசுவை அரைத்து, அதன் புரதங்களை ஒரு கூழ்மத் தகட்டில் மின்னோட்டத்தால் ஓடவிடுவார்கள். சிறியவை விரைந்து ஓடும், பெரியவை பின்தங்கும். அந்த வரிசை கலையாமல் ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அது பற்றிய இடத்தில் ஒரு பட்டை தெரியும். பட்டை நிற்கும் உயரத்தைக் கொண்டு புரதத்தின் எடையை மதிப்பிடலாம்.

இங்கேதான் மாணவர்கள் திகைப்பர். ஒரு புரதத்துக்கு ஒரு பட்டைதானே வர வேண்டும்? நம் ஏற்பிக்கு அப்படி வருவதில்லை. உயிரணு இந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஏற்றுகிறது. சர்க்கரை ஏறாதது ஏறத்தாழ 120 கிலோடால்டன். பாதி முதிர்ந்தது 140. முழுதும் முதிர்ந்து உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்தது 160. இணை பிரியாமல் நிற்பவை இன்னும் மேலே, ஏறத்தாழ இரு மடங்கு எடையில் தெரியும். ஆகப் பல பட்டைகள் தோன்றுவதாலேயே எதிர்ப்பொருள் பொய்யென்று தள்ளிவிட முடியாது. அதேபோல், எதிர்பார்த்த எடையில் ஒரு பட்டை வந்ததாலேயே அது மெய்யென்றும் கொள்ள முடியாது. அதே எடையுள்ள வேறு புரதங்கள் உயிரணுவில் எத்தனையோ உண்டு.

சீட்டை நம்பி மூட்டை வாங்கலாமா?

எதிர்ப்பொருள்கள் இன்று சிறு குப்பிகளில் விற்பனைக்கு வருகின்றன. சில சொட்டுகளே கொண்ட ஒரு குப்பியின் விலை பல ஆயிரம் ரூபாய். குப்பியின்மேல் இன்ன புரதத்துக்கு உரியது என்று சீட்டு ஒட்டியிருக்கும். எங்கள் ஊரில் அரிசி வாங்க வரும் வியாபாரி, மூட்டையில் தைத்த சீட்டைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் கொட்டிய அரிசியைப் பார்த்து, இரண்டு மணியை வாயிலும் போட்டுக் கடித்த பிறகுதான் விலை பேசுவார். எதிர்ப்பொருளுக்கும் அத்தகைய குத்தூசி வேண்டும்.

இது வெறும் ஐயம் அன்று. ஏழு முறை சவ்வை ஊடுருவும் ஏற்பிகளுக்கென விற்கப்படும் எதிர்ப்பொருள்களில் பல, உரிய ஏற்பி அறவே இல்லாத திசுவிலும் அதே நிறத்தைக் காட்டுகின்றன என்று 2009இல் மருந்தியல் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஒன்றுகூடி, அமினோ அமில வரிசை தெரிந்த எதிர்ப்பொருள்களையே ஆய்வில் கையாள வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் வற்புறுத்தினர். சான்றே ஐயத்துக்குரியது என்றால் அதன்மேல் கட்டிய முடிவும் ஐயத்துக்குரியதே. அந்த முடிவை நம்பி அடுத்த ஆய்வைத் தொடங்கும் மாணவரின் ஆண்டுகளும் வீண்.

எதிர்ப்பொருளைச் சோதிக்கும் ஐந்து வழிகளை 2016இல் ஓர் அனைத்துலகக் குழு தொகுத்துத் தந்தது. அவற்றுள் மூன்றை நம் ஏற்பியைக் கொண்டே விளக்கலாம்.

முதலாவது, பொருள் இல்லாத இடத்தில் சாட்சி என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதச் சிறுநீரகக் கருவணு வரிசை ஒன்றில் இந்த ஏற்பி இயல்பாக இல்லை எனலாம். அதில் ஒரு பாதிக்கு ஏற்பியின் மரபணுவைப் புகுத்தி, மறு பாதியை அப்படியே விட்டு, இரண்டையும் ஒரே தகட்டில் ஓடவிட வேண்டும். மரபணு பெற்றதில் மட்டும் பட்டை வந்தால் சாட்சி மெய் பேசுகிறது. இரண்டிலும் வந்தால் அந்தப் பட்டை வேறு எதனுடையதோ.

இரண்டாவது, மரபணுவைச் செயலிழக்கச் செய்த விலங்கின் திசுவில் பார்ப்பது. இந்த ஏற்பி இல்லாத சுண்டெலி 1995இல் உருவாக்கப்பட்டது. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சுண்டெலியில் மரபணுவின் ஐந்தாம் கூறு மட்டுமே சிதைக்கப்பட்டிருந்தது. தோல் போன்ற சில திசுக்களில் உயிரணுக்கள் அந்தக் கூறைத் தாண்டிச் சென்று, நடுவில் 77 அமினோ அமிலங்கள் குறைந்த ஒரு குட்டைப் புரதத்தை உருவாக்கிக்கொண்டன. ஏ.டி.டி. பற்றும் இடமோ அந்த 77க்குள் இல்லை. ஆகவே 'இல்லை' என்று சொல்லப்பட்ட திசுவில் எதிர்ப்பொருள் 'இருக்கிறது' என்று சொன்னால், அங்கே தவறு சாட்சியினுடையதா, வழக்கினுடையதா? ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பொருளையும் நாம் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மூன்றாவது, வேறொரு சாட்சியை அழைப்பது. ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்று. உள்ளே கிடக்கும் வாலைப் பற்றும் எதிர்ப்பொருள் இன்னொன்று. ஒருவரையொருவர் அறியாத இவ்விரு சாட்சிகளும் ஒரே இடத்தைச் சுட்டினால் நம்பிக்கை வலுப்படும்.

பலர் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு. எதிர்ப்பொருளைப் பெறப் பயன்பட்ட அதே துண்டுப் புரதத்தை முன்கூட்டியே அதனோடு கலந்துவிட்டு, பட்டை மறைகிறதா என்று பார்ப்பர். மறைந்தால் மகிழ்வர். ஆனால் தவறான புரதத்தை அந்த எதிர்ப்பொருள் பற்றியிருந்தாலும், அதன் கை முன்பே நிறைந்துவிட்டதால் அந்தப் பட்டையும் மறையத்தான் செய்யும். ஆகவே இச்சோதனை ஒன்றே போதாது.

2003இல் சுவீடனில் மத்தியாஸ் உலேன் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம், மனிதப் புரதங்கள் ஒவ்வொன்றும் எந்தத் திசுவில் இருக்கிறது என்று எதிர்ப்பொருள்களைக் கொண்டு படமெடுத்துத் தொகுத்துள்ளது. இலட்சக்கணக்கான அந்தத் திசுப் படங்களைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டவர்களுள் மும்பையைச் சேர்ந்த நோயியல் மருத்துவர்கள் குழுவும் உண்டு. எவ்வளவு கருவிகள் வந்தாலும், பழுப்பு நிறம் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கப் பயிற்சி பெற்ற கண்ணும் பொறுமையும் வேண்டும். அப்பணியில் நம் நாட்டவர் பங்கு கொண்டது பெருமைக்குரியது.

தில்லியில் ஒரு வழக்கு

இதுவரை நாம் ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்த்தோம். மனித உடலே தன் கால்சியம் உணர் ஏற்பிக்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கினால்? சிலரிடம் அப்படியும் நிகழ்கிறது. காரணம் தெரியாமல் பாராதைராய்டு சுரப்பி செயலிழந்து, கால்சியம் குறைந்து, கை கால் இழுத்து வலிப்பால் துன்புறுவோர் உண்டு. இவர்களைக் காக்காய் வலிப்பு நோயாளிகள் என்றே கருதி வைத்தியம் பார்ப்பதும் நடக்கிறது. இத்தகைய நோயாளிகளைப் புதுதில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இரவீந்தர் கோஸ்வாமி குழுவினர் ஆராய்ந்தனர். ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் அவர்களோடு இணைந்திருந்தார். முடிவுகள் 2004இல் வெளிவந்தன.

மேலே சொன்ன பட்டை முறையில் நோயாளிகளின் குருதி நீரையே எதிர்ப்பொருளாகக் கொண்டு சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால் 'காரணம் கண்டோம்' என்று அறிவித்திருக்கலாம். அவர்களோ ஒப்பீட்டுக்காக நலமான மனிதர்களின் குருதியையும் அதே முறையில் சோதித்திருந்தனர். அவர்களுள்ளும் சிலரிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. எண்ணிக்கையில் வேறுபாடு பெரிது; ஆயினும் இல்லாமல் இல்லை. ஆகவே எதிர்ப்பொருள் இருப்பதாலேயே நோய் வந்தது என்று சொல்லிவிட முடியாது. சுரப்பி வேறொரு காரணத்தால் சிதைந்து, அதன் புரதம் வெளிப்பட்டு, அதற்குப் பின் எதிர்ப்பொருள் தோன்றியிருக்கவும் கூடும். காரணமா, விளைவா என்ற இந்த வினாவை எழுப்பியது நலமானவர்களின் அந்தச் சில குருதி மாதிரிகளே. ஆய்வின் நேர்மை அதன் ஒப்பீட்டில் இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

நம்மால் ஆவது

பல ஆயிரம் ரூபாய்க் குப்பியும் அதைக் காக்கும் உறைகுளிர்ப் பெட்டியும் அரசு கலைக் கல்லூரி ஒன்றுக்கு எளிதில் கிட்டுவன அல்ல. அப்படியிருக்க இந்தச் செய்தியால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. குப்பி நம்மிடம் இல்லை. ஆனால் அக்குப்பியைக் கொண்டு எழுதிய கட்டுரைகளை நாம் படிக்கிறோம். வகுப்பில் அவற்றின் முடிவுகளை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நாளை நம்முள் சிலர் ஆய்வு நிறுவனங்களில் சேர்ந்து, பிறர் பணத்தில் அந்தக் குப்பியைத் திறப்போம். அன்று கற்றுக்கொள்ளலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. நம் துறைக் கருத்தரங்கில் யாரேனும் பட்டைப் படத்தையோ பழுப்பேறிய திசுப் படத்தையோ காட்டும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். இந்த எதிர்ப்பொருள் புரதத்தின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது? அந்தப் புரதம் இல்லாத திசுவில் இதைச் சோதித்தார்களா? முதல் எதிர்ப்பொருளைச் சேர்க்காமல் இரண்டாவதை மட்டும் சேர்த்தபோது நிறம் வந்ததா? வேறோர் எதிர்ப்பொருளும் இதையே சொல்கிறதா? இக்கேள்விகளுக்குப் பணம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். கேட்பவர் முதலாண்டு மாணவராகவும் சொல்பவர் மூத்த பேராசிரியராகவும் இருந்தாலும் கேள்வியின் தகுதி குறைவதில்லை. விடை இல்லாத இடத்தில் 'இன்னும் நிறுவப்படவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அந்த இரண்டு சொற்களை எழுதப் பழகியவர் நம் ஆய்வகத்திலும் எந்த ஆய்வகத்திலும் நல்ல மாணவராக இருப்பார்.